பழைய இராணுவ ரைபிளுக்கு எந்தத் தோட்டா?

பழைய இராணுவ ரைபிள் ஒன்று கைக்கு வந்தவுடன் பெரும்பாலானோர் கேட்பது, "இந்தத் தோட்டா இதற்குள் போகுமா?" என்றுதான். அந்தக் கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகிறது. பொருந்தாத தோட்டாக்கள் பல, எந்தத் தடையும் காட்டாமல் உள்ளே போய்விடும்; அறையின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்த பிறகுதான் விபரீதம் தெரியவரும். கேட்க வேண்டியவை வேறு. இந்தக் குழல் எந்தத் தோட்டாவுக்காகக் குடையப்பட்டது? அந்தத் தோட்டா எழுப்பும் அமுக்கத்தை இந்தப் பழைய உருக்கு தாங்குமா? கையில் இருக்கும் தோட்டா இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும் சுடக் கூடாது.

கொழும்பில் இப்படியான ரைபிளைச் சட்டப்படி வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். கனடாவில், .303 தோட்டா சுடும் பழைய பிரிட்டிஷ் இராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டை, அனுமதிப்பத்திரம் உள்ளவர் கடையிலேயே வாங்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவை ரொறன்ரோவுக்குப் பக்கத்திலேயே, லோங் பிராஞ்ச் என்ற இடத்தில், பெருமளவில் செய்யப்பட்டன. கனேடிய ரேஞ்சர்கள் 1947 முதல் சுமார் எழுபது ஆண்டுகள் அதைத்தான் சுமந்தார்கள். விடுமுறைக்கு வரும் தம்பிமாரும் மருமக்களும் போனில் படத்தைக் காட்டிக் கேட்கும்போது, சரியான பதில் சொல்ல இங்கேயும் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நமக்கும் .303 அந்நியமல்ல. பொலிஸாரின் தோளில் நெடுங்காலம் தொங்கியதும், பாடசாலைக் கடெற் பிள்ளைகள் பயிற்சிக்குத் தூக்கியதும் அதுதான்.

முதலில் அடிப்படை. ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு: பித்தளைக் கோது, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் சன்னம். சுடும்போது பிரைமர் தீப்பற்றி, மருந்து எரிந்து, வாயுவாகி, சன்னத்தைத் தள்ளுகிறது. .303 தோட்டாவில் எழக்கூடிய உச்ச அமுக்கத்தை ஐரோப்பிய நியமம் 3,650 பார் (பார் என்பது அமுக்க அலகு) என்று வரையறுக்கிறது. மெல்லிய பித்தளைக் கோது அதைத் தாங்காது. கோது செய்வதெல்லாம் ஊதிப் பெருத்து, அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தின்) சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் வராமல் அடைப்பதுதான். தாங்குவது அறையைச் சுற்றியுள்ள உருக்கும் போல்ட்டும். கோது அறைக்குள் தளர்வாகக் கிடந்தாலும், சன்னம் குழலை விடப் பருத்திருந்தாலும், அந்தக் கணக்குக் குலைந்துவிடும். வாயு பின்பக்கமாக, சுடுபவரின் கண்ணையும் கன்னத்தையும் நோக்கி வரும்.

எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

.303 என்பது உள்ளே வரிகள் வெட்டுவதற்கு முன் குழலின் உள்விட்டம், அங்குலத்தில். வரிகளின் ஆழத்தையும் நிரப்பிப் பாயும் சன்னத்தின் விட்டமோ .311 அங்குலம். .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் சன்னம் உண்மையிலேயே .308 அங்குலம். ஆக, பெயரில் சிறியதாகத் தெரியும் .303தான் பெரிய சன்னத்தைச் சுடுகிறது.

மில்லிமீற்றரில் எழுதினாலும் தெளிவு வந்துவிடாது. இலங்கையில் செய்தித்தாள் வாசிக்கும் எவருக்கும் ரி-56 தெரியும். அது சுடுவது 7.62×39. அதற்கு முந்திய எஸ்.எல்.ஆர். ரைபிள் சுட்டது 7.62×51. ரஷ்யர்கள் 1891இல் மொஸின்-நாகான்ட் ரைபிளுக்காக உருவாக்கி, இன்றும் பி.கே. மெஷின் கன்னில் பாவிப்பது 7.62×54. மூன்றும் "7.62"தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றது உதவாது. பெருக்கல் குறிக்குப் பின்னால் நிற்கும் எண் கோதின் நீளம். அதையும் சேர்த்து முழுப் பெயரையும் வாசிக்காமல் ஒரு பெட்டியையும் வாங்கக் கூடாது. முழுப் பெயரும் சில வேளை போதாது. ஜெர்மானியரின் 7.92×57 தோட்டா 1888இல் வந்தபோது அதன் சன்னம் .318 அங்குலம். 1905இல் வந்த புதிய வகையில் அதை .323 ஆக்கினார்கள். கோதின் நீளம் மாறவில்லை. 1888 மாதிரி ரைபிள்கள் சிலவற்றைப் புதிய சன்னத்துக்கு ஏற்ப மாற்றி, அறைக்கு மேலே 'எஸ்' என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்தார்கள். சில மாற்றப்படாமலே வெளியே வந்தன. மாற்றப்படாத குழலில் .323 சன்னத்தைச் சுட்டால், பருத்த உலோகம் ஒடுங்கிய துளைக்குள் நசுங்கிப் போக வேண்டும், அமுக்கம் எங்கேயோ ஏறும். இப்படியான ரைபிளில் குழலின் உள்ளளவை ஒரு துப்பாக்கித் திருத்துநர் அளந்து சொல்லும்வரை தோட்டாவே வாங்க வேண்டாம்.

நீளம் குறைந்த தோட்டாவை நீளமான அறைக்குள் போடுவது இன்னொரு பழைய விபத்து. அமெரிக்க இராணுவத்தின் பழைய .30-06 தோட்டாவின் கோது 63 மில்லிமீற்றர். அதே விட்டமுள்ள சன்னத்தைக் கொண்ட .308இன் கோது 51. கை தடுமாறி .30-06 ரைபிளில் .308ஐப் போட்டால் அது வழுக்கிக்கொண்டு போகும். கழுத்துப் பகுதிக்கு முட்டுக் கொடுக்க அங்கே சுவர் இல்லை, கோது கிழியும். சுடும் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகைத் தோட்டாவை மட்டும் வையுங்கள். மற்றது வாகனத்திலேயே இருக்கட்டும்.

.308 வின்செஸ்டரும் 7.62×51 நேட்டோவும் ஒன்றா என்று ஓயாமல் கேட்கிறார்கள். முதலாவது 1952இல் கடைக்கு வந்தது. இரண்டாவது 1954இல் நேட்டோ ஏற்றது. வெளியளவில் இரட்டையர்தான். ஆனால் நேட்டோ ரைபிளின் அறை ஒரு மயிரிழை நீளமாகவும், இராணுவக் கோதின் பித்தளை தடிப்பாகவும் இருக்கும். நவீன, நல்ல நிலையிலுள்ள ரைபிளில் இது பெரிய பிரச்சினை இல்லை. ஸ்பெயினில் 1893 மாதிரி மௌசர் ரைபிளின் உடம்புக்கு (போல்ட் பூட்டும் பகுதிக்கு) புதுக் குழல் பூட்டி 7.62க்கு மாற்றிய பழைய ரைபிள்களில் மட்டும் நான் .308ஐப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த உடம்பு பிறந்தது அவ்வளவு அமுக்கத்துக்காக அல்ல.

ஒரே தோற்றம், வெவ்வேறு துவக்குகள்

நமது பிராந்தியத்துக்கு மிக நெருக்கமான விடயம் இது. கொல்கத்தாவுக்கு வடக்கே உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் பிரிட்டிஷார் காலம் தொட்டு .303 லீ-என்ஃபீல்ட் செய்தார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு அதே வடிவத்தில், மேம்பட்ட உருக்கில், 7.62×51 நேட்டோவுக்காக 2ஏ, 2ஏ1 என்ற ரைபிள்களைச் செய்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அச்சு அசல் .303. மகசின் மட்டும் சற்றுச் சதுரமாக இருக்கும். இவை தவிர, காவல் வேலைக்கென்று .303 ரைபிளின் குழலை வரியில்லாமல் வழுவழுப்பாகக் குடைந்து, .410 தோட்டா ஒன்றை மட்டும் சுடும்படி மாற்றியவையும் உண்டு. அந்த .410 இன்றைய சொட்கன் தோட்டா அல்ல, .303 கோதை ஒடுக்காமல் விட்டுச் செய்த தனி வகை. பயிற்சிக்காக .22க்கு மாற்றிய லீ-என்ஃபீல்டும் உண்டு.

பஞ்சிகாவத்தையில் பழைய காருக்கு உதிரிப்பாகம் தேடிப் போனால், அனுபவமுள்ள கடைக்காரர் காரின் பெயரோடு விடமாட்டார், சேசிஸ் நம்பரைக் கேட்பார். இங்கேயும் அப்படித்தான். விற்றவர் சொன்னதையோ பட்டியலில் போட்டிருந்ததையோ ஏற்காமல், குழலிலும் உடம்பிலும் பொறித்திருப்பதை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். பின்னாளில் யாராவது குழலை மாற்றி, பழைய பொறிப்பை அப்படியே விட்டிருக்கவும் கூடும். ஐயம் இருந்தால் திருத்துநர் அறைக்குள் குறைந்த சூட்டில் உருகும் கலப்புலோகத்தை ஊற்றி, வார்ப்பு எடுத்து, அளந்து உறுதிப்படுத்துவார். அதற்குக் கொடுக்கும் காசு வீண்செலவல்ல.

'டி.பி.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் எங்காவது தென்பட்டால் அந்த ரைபிளில் எந்தத் தோட்டாவும் போகக் கூடாது. அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது அது. அறையில் துளை போட்டிருப்பார்கள், பிரைமரை அடிக்கும் ஊசியின் நுனியை வெட்டியிருப்பார்கள், சிலவற்றில் மரத்தின் மேல் வெள்ளைப் பட்டை பூசியிருப்பார்கள். ஊசியை மாற்றி, துளையை மறைத்து, பொலிஷ் போட்டு விற்றால் வாங்குபவருக்குத் தெரியாது. ஜப்பானியரின் பயிற்சி ரைபிள்களில் சில வார்ப்பிரும்பு உடம்போடு, சன்னமில்லாத வெற்றுத் தோட்டாவுக்காக மட்டும் செய்யப்பட்டவை. பார்வைக்கு அவர்களின் போர் ரைபிளான அரிசாகா போலவே இருக்கும்.

அமுக்கமும் அதை அளக்கும் முறையும்

மிசிசாகாவில் இருக்கும் என் மருமகன் ஒரு நாள் தன் நம்பர் 4 மாதிரி லீ-என்ஃபீல்ட் ரைபிளின் குழலைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். பிரிட்டிஷ் பரிசோதனை முத்திரை தெளிவாக இருந்தது: .303, அடுத்து 2.222 அங்குலம், அடுத்து 18.5 டன். "மாமா, கணக்குப் பாத்தனான். சதுர அங்குலத்துக்கு 18.5 டன் எண்டா 41,000 பீ.எஸ்.ஐ. சொச்சம்தான் வருது. ஆனா .303க்கு அமெரிக்க நியமம் 49,000 எண்டு இருக்கு. இப்ப வாற தோட்டா எல்லாம் இதுக்குக் கூடத்தானே?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. கணக்கும் சரி: 18.5 நீள டன்னை 2,240 இறாத்தலால் பெருக்கினால், சதுர அங்குலத்துக்கு 41,440 இறாத்தல், அதாவது பீ.எஸ்.ஐ. ஆனால் இரண்டு எண்களும் இரண்டு வித அளவுகோலில் பிறந்தவை. பிரிட்டிஷார் அளந்தது, அமுக்கம் ஒரு சின்னச் செப்பு உருளையை எவ்வளவு நசுக்குகிறது என்பதை, அதுவும் போல்ட்டின் பக்கமாக. இன்று அளப்பது மின்னுணரியால், அறையின் பக்கவாட்டில், கணத்துக்குக் கணம். ஒரே தோட்டாவைப் பழைய முறையில் அளந்தால் எண் குறைவாகத்தான் வரும். நியமப்படி செய்த .303 தோட்டா, நல்ல நிலையிலுள்ள நம்பர் 4 ரைபிளுக்கு மிகையல்ல. முத்திரையில் உள்ள 2.222 அங்குலம் கோதின் நீளம், அதாவது 56 மில்லிமீற்றர் சொச்சம். ஆக அந்த ஒரு வரி, குழல் எதற்கு, கோது எவ்வளவு, பரிசோதித்த அமுக்கம் எது என்ற மூன்றையும் சொல்லிவிடுகிறது. டன்னையும் பாரையும் பீ.எஸ்.ஐ.யையும் வெறும் பெருக்கலால் ஒன்றாக்கி ஒப்பிட வேண்டாம் என்பதுதான் அவனுக்குச் சொன்ன பதில்.

அளவு முறை ஒன்றாக இருந்தும் நிஜமாகவே வேறுபடும் தோட்டாக்கள் உண்டு. 8 மில்லிமீற்றர் மௌசரை, அதாவது முன்பு சொன்ன 7.92×57 தோட்டாவை, அமெரிக்க நியமம் 35,000 பீ.எஸ்.ஐ.க்குள் அடக்குகிறது, ஐரோப்பிய நியமம் 3,900 பார் வரை, அதாவது 56,000க்கு மேல், விடுகிறது. அமெரிக்காவில் .318 குழல்கள் இன்னும் உலவுவதால் அங்கே வேண்டுமென்றே மென்மையாக நிரப்புகிறார்கள். ஒரே பெயர், இரண்டு பெட்டி, இரண்டு பலம். வயதான ரைபிளுக்கு மென்மையானதே நல்லது.

அமெரிக்க எம்1 கராண்டின் சிக்கல் இன்னொரு விதம். அது 1936இல் ஏற்கப்பட்ட அரைத் தானியங்கி ரைபிள். குழலின் முனைக்கருகே ஒரு துளை வழியாக வாயுவை எடுத்து, நீண்ட கம்பி ஒன்றைப் பின்னுக்குத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. அந்தக் கம்பி இராணுவத் தோட்டாவுக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது. வேட்டைக்காக விற்கும், 180 கிரெய்ன் (கிரெய்ன் என்பது சன்னத்தின் எடையை அளக்கும் அலகு) சன்னமுள்ள .30-06 தோட்டாவில் மெதுவாக எரியும் மருந்து இருக்கும். அறையில் அமுக்கம் எல்லைக்குள் இருந்தாலும், சன்னம் அந்தத் துளையைத் தாண்டும் நேரத்தில் வாயு அதிகமாக மிஞ்சியிருக்கும். கம்பி வளையும். கராண்டுக்கு ஏற்றது என்று பெட்டியில் தெளிவாக எழுதிய தோட்டாவையே வாங்க வேண்டும்.

சில ரைபிள்களில் தோட்டாவை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் போதாது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலை செய்த 1903 மாதிரி ரைபிளில் 800,000க்குக் குறைந்த வரிசை எண்ணுள்ளவை பழைய முறையில் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டவை. உருக்கு நொறுங்கும் தன்மை கொண்டதாகிவிட்டது, சில வெடித்தும் இருக்கின்றன. அவற்றைச் சுவரில் தொங்கவிடுவதே நல்லது.

லீ-என்ஃபீல்டில் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு போய் முட்டும் இடத்துக்கும் உள்ள தூரம். .303க்கு அது .064 முதல் .074 அங்குலம் வரை இருக்கலாம். கூடினால் கோது சுடும்போது இழுபட்டு, அடிக்கு மேலே வளையமாகப் பிளக்கும். நம்பர் 4 ரைபிளில் போல்ட்டின் தலை தனியே கழலும். 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகள் இருந்ததால் படைக் களஞ்சியத்திலேயே தூரத்தைச் சரிசெய்தார்கள். போரில் பாகங்கள் கலைந்து, இன்று ஒரு ரைபிளின் போல்ட் இன்னொன்றில் இருப்பது சாதாரணம். போல்ட்டின் எண்ணும் உடம்பின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், அளவுக்கட்டை வைத்துப் பார்க்காமல் ஒரு தோட்டாகூட வேண்டாம்.

தோட்டாவுக்கும் வயது உண்டு

போர்க்காலத் தோட்டாவைச் சுடும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர் அதைச் சுடவே கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. இன்றைய தொழிற்சாலை ஒன்று செய்த, பெட்டி பிரிக்காத, முழுப் பெயர் எழுதிய தோட்டாவை வாங்குங்கள். அறிமுகமில்லாத ஒருவர் வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டா இலவசமாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம். உள்ளே எந்த மருந்து, எவ்வளவு என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது.

பழையதை ஏன் நம்ப முடியாது? புகையற்ற வெடிமருந்தின் அடிப்படையான நைட்ரோசெலுலோஸ் தானாகவே மெல்லச் சிதையும். அதைத் தடுக்க நிலைப்படுத்தி ஒன்றைக் கலப்பார்கள். அது தீர்ந்தால் சிதைவு வேகமெடுக்கும், அமிலம் ஊறும், செங்கபில நிறப் புகையும் நெடியும் வரும். வெப்பம் இதை விரைவுபடுத்தும். கொழும்பில் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே, பரணில், தகரப் பெட்டிக்குள் பல ஆண்டுகள் கிடந்த தோட்டா எந்த நிலையில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பித்தளைக்கும் சாவு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்த தோட்டாக்களின் கோதுகள் காரணமில்லாமல் வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தில் இருந்து எழும் அமோனியாவும் ஈரமும், இழுவிசையில் இறுகியிருக்கும் பித்தளையைத் தாக்குகின்றன என்பது 1921இல்தான் தெளிவாயிற்று. கழுத்தில் நூல் போன்ற வெடிப்போ, பச்சைப் பூஞ்சணமோ, சன்னம் ஆடுவதோ தெரிந்தால் அது குப்பை. அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் தோட்டாவைத் துலக்கவும் கூடாது.

.303 தோட்டாவின் அடிப்பாகம் நிறைய விபரம் தரும். செய்தவர் குறி, ஆண்டு, மாதிரி எண் என்று பொறித்திருக்கும். ஏழாம் மாதிரி 1910இல் வந்தது, 174 கிரெய்ன் சன்னம். ரைபிளுக்கு உரியது அதுவே. எட்டாம் மாதிரி விக்கர்ஸ் மெஷின் கன்னுக்காகச் செய்தது, அமுக்கம் கூடியது. பிரைமரைச் சுற்றி வண்ண வளையம் இருக்கும்: ஊதா என்றால் சாதாரணச் சன்னம், சிவப்பு ஒளிக்கோடு காட்டுவது, பச்சை கவசம் துளைப்பது, நீலம் தீ மூட்டுவது. மஞ்சள் வளையம் குழலைச் சோதிப்பதற்காக வேண்டுமென்றே அளவு மீறி நிரப்பியது. வளையம் மங்கிப்போய் நிறம் தெரியவில்லை என்றால் ஊகம் செய்யாதீர்கள்.

பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேற்று இருக்கும். எரிந்த பின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைட்டு, உப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உருக்கை அரிக்கும். கடற்காற்று வீசும் ஊரில் ஒரு இரவுக்குள்ளேயே துரு படரக் காணலாம். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் அந்தக் காலப் படைவீரர்கள் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றினார்கள். ஊற்றி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய். துருவால் குழிவிழுந்த அறையில் கோது ஒட்டிக்கொண்டு கழலாது என்பதால் இதைத் தோற்றம் பற்றிய விடயமாக மட்டும் நினைக்க வேண்டாம்.

சுடும் இடத்தில் இரண்டு அறிகுறிகளை அறிந்திருங்கள். விசையை இழுத்தும் ஒன்றும் நடக்காவிட்டால், தோட்டா தாமதித்து வெடிக்கக்கூடும். குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, போல்ட்டைத் தொடாமல், குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். அந்த மைதானத்தின் விதி 60 என்றால் 60. மற்றது, வழமையான முழக்கத்துக்குப் பதில் 'பொத்' என்று ஒரு மெலிந்த சத்தம். சன்னம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். ரைபிளை வெறுமையாக்கி, பின்பக்கமாகக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மற்ற எதுவும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பழைய ரைபிளுக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது.

இலங்கையில் இருப்பவர்களுக்கு

இங்கே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ரைபிள் வைத்திருப்பது குற்றம். தோட்டாவும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதே. வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர், நினைவுப்பொருள் என்று ஒரு வெற்றுக் கோதைப் பயணப் பையில் போட்டு வந்தாலும் கட்டுநாயக்கவில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ, பழைய வீடு இடிக்கும்போது சுவருக்குள்ளோ தோட்டாக்கள் கிடைப்பது நடக்கக்கூடியதுதான். அவற்றை உரசித் துலக்கிப் பொறிப்பைப் படிக்க முயல வேண்டாம். மாநகர சபைக் குப்பையில் போடவோ, எரிக்கவோ, கடலில் எறியவோ வேண்டாம். பையில் போட்டு பஸ்ஸில் பொலிஸ் நிலையத்துக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, 119க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.